வெரீனா ஷிமெக்கின் போர்ட்டர்

மானிடோவாக், விஸ்கான்சின்
ஏப்ரல் 6, 2003, ஞாயிறு

அன்புள்ள டோபி அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப் போகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டையில், வீட்டில் என்ன நடக்கிறது என்று யாராவது ஒருவர் உண்மையை எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். அப்பா எழுத மாட்டார். ஆகவே நான் எழுதுகிறேன். நன்றாக இல்லாததை நன்றாக இருப்பதாகச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலவும் சொல்ல மாட்டேன். உன்மேல் வருத்தம் வரும் இடம் ஒன்று இருக்கிறது, அதையும் விடமாட்டேன்.

உடம்புக்கு எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஏரிக்கரையில் இன்னும் பனிக்கட்டி உடையவில்லை. இதுதான் கடைசிப் பனி என்று சொல்லிச் சொல்லியே அப்பா இந்த வாரமும் பனி தள்ளும் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தார். வெள்ளிக்கிழமைகளில் பொரித்த மீன் வாங்குவதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, இரண்டு தட்டாகக் கட்டி வாங்கி வந்துவிடுகிறார். கடையில் உட்கார்ந்தால் யாராவது தோளில் கை வைத்து "எப்படி இருக்கே எர்வ்?" என்று கேட்கிறார்கள், அதற்குப் பயந்துதான். எனக்குப் பள்ளியில் குறையில்லை. நூலகத்தில் மதிய நேரம் புத்தகம் அடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

நான் எழுத வந்தது அம்மாவின் போர்ட்டரைப் பற்றி. அந்தக் கறுப்பு பியரால்தானே நீ போனாய்.

உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். போன வருடம் பிப்ரவரியில் அம்மாவின் அடக்கம் முடிந்த மாலை வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நீ நிலவறைக்குப் போய், அம்மா கடைசியாகக் காய்ச்சியதில் ஒரு பாட்டிலை எடுத்து வந்து, ஆளுக்கு ஒரு வாய் ஊற்றலாம் என்றாய். அப்பா எல்லார் முன்னாலும் அதை உன் கையிலிருந்து பிடுங்கினார். "அது போட்டிக்கு. இன்னும் பதமாகலன்னு சொல்லியிருக்கா" என்றார். நீ, "அம்மாவே போயாச்சு. இன்னும் யாருக்குக் காப்பாத்தி வைக்கிறீங்க?" என்று கேட்டாய். அப்பா பாட்டிலைத் துடைத்துக்கொண்டே கீழே போனார். அடுத்த வாரம் நீ அலாஸ்காவுக்கு மீன் வெட்டப் போய்விட்டாய்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மார்ச் மாதத்தில் அம்மா பெயருக்கு ஒரு தபால் வந்தது. அந்த ஜனவரியில், தலைவலி வந்துகொண்டிருந்தபோதே, அம்மா யாரிடமும் சொல்லாமல் வீட்டில் காய்ச்சும் பியர்களுக்கான மில்வாக்கிப் போட்டிக்கு மூன்று பாட்டில் அனுப்பியிருக்கிறாள். வந்தது அதன் மதிப்பெண் தாள்கள். ஐம்பதுக்கு முப்பத்தொன்பது. அம்மா அதுவரை வாங்காத மதிப்பெண்.

நடுவர்களுக்குக் காய்ச்சியவரின் பெயர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். அதனால் அவர்கள் எப்போதும் "நீங்கள்" என்றே எழுதுவார்கள். அந்தத் தாளில் இப்படி இருந்தது: "உங்களுக்கு நல்ல கை. கருகல் இல்லை. கறுப்பு ரொட்டியின் மேல்தோல், உலர்ந்த பிளம் பழம். கொஞ்சம் இளசாக இருக்கிறது. சில மாதங்கள் குளிர்ச்சியில் வைத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். இதை மறுபடி சந்திக்க ஆசையாக இருக்கிறது."

அப்பா கோட்டைக் கூடக் கழற்றாமல் அதை நின்றபடி படித்தார். அந்த மாதம் வந்த மற்ற எல்லாத் தபால்களும் "காலமான திருமதி வெரீனா ஷிமெக்" என்றே ஆரம்பித்தன. இது ஒன்றுதான் அம்மா உள்ளே அடுப்படியில் நிற்பதுபோல அவளோடு பேசியது. அப்பா இரண்டாம் தடவை படித்துவிட்டு, "மறுபடி அனுப்பச் சொல்லியிருக்காங்க" என்றார்.

அம்மா இந்தத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் எப்படிப் படிப்பாள் என்று நினைத்துப் பார். ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு குரல் வைத்திருந்தாள். மூக்கால் பேசும் நடுவர், பாதிரியார் மாதிரிப் பேசும் நடுவர். முதல் வருடம் போர்ட்டருக்குப் பத்தொன்பது மதிப்பெண் போட்டு, எரிந்த டயர் மணக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். "டயர நக்கிப் பார்த்தவன்தான் இத எழுத முடியும்" என்றாள். வெண்ணெய் மணம் என்று ஒருவர் எழுதியபோது, அந்த ஆள் பாப்கார்ன் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பான் என்றாள். மற்றொருவருக்கு ஜலதோஷம் என்றாள். ஆனால் மறுநாள் பள்ளிப் பேருந்தை ஓட்டிவிட்டு வந்ததும் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் சொன்னபடியே செய்தும் பார்ப்பாள். வறுத்த பார்லியைக் கொதிக்க வைக்காமல் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னது அந்த டயர்க்காரர்தான். அதிலிருந்துதான் கருகல் போனது. "திட்டறது நம்ம உரிமை எர்வ், கேட்டு நடக்கறது நம்ம பொழப்பு" என்பாள்.

அப்பா பாட்டில் கழுவுவார், மூடி அழுத்துவார், அவ்வளவுதான். அவர் குடிப்பது டப்பாவில் வரும் வெளிர் பியர். "என் புருஷன் பியர் குடிக்கிறதே இல்ல. பியர் கலர்ல தண்ணி குடிக்கிறான்" என்று அம்மா பியர் காய்ச்சுவோர் சங்கத்தில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். கறுப்பு பியரை அவர் ஒரு வாய் கூட எடுத்ததில்லை. இதை நீ மனத்தில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

ஆக, நடுவர் சொன்னபடி வைத்திருந்து, மே மாதத்திலிருந்து அப்பா அனுப்ப ஆரம்பித்தார். மினசோட்டா, ஒஹாயோ, சிகாகோ, எங்கே போட்டி என்று சங்கத்துச் செய்தித்தாளில் வந்தாலும் அனுப்பினார். ஒவ்வொரு போட்டிக்கும் மூன்று பாட்டில் போகும். திறக்காத பாட்டிலும் திரும்பி வராது. விண்ணப்பத்தில் காய்ச்சியவர் பெயர் என்று கேட்டிருக்கும் இடத்தில் அம்மா பெயரை எழுதுவார். பொய்யில்லையே, காய்ச்சியது அம்மாதானே என்று நானும் சும்மா இருந்தேன். பெட்டியில் பாட்டில்களுக்கு நடுவே பழைய செய்தித்தாளைத் திணிக்கும் வேலை எனக்கு. மூடிகளின் மேல் எந்தக் குறியும் இருக்கக் கூடாது என்பது விதி. அம்மா ஒவ்வொரு மூடியிலும் "வெ" என்று எழுதி வைத்திருந்தாள். அதைக் கறுப்பு மையால் அடித்து மறைக்க வேண்டும். அதையும் நான்தான் செய்தேன்.

ஆகஸ்டில் ஃபாண்ட் டு லாக்கில் மூன்றாம் பரிசு கிடைத்தது. நாங்கள் போயிருந்தோம். ஒலிபெருக்கியில் "வெரீனா ஷிமெக், மானிடோவாக்" என்று கூப்பிட்டார்கள். அம்மா பெயரை அவ்வளவு உரக்க, அவ்வளவு மகிழ்ச்சியாக யாரும் சொல்லிக் கேட்டு ஆறு மாதமாகியிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேலே போய்ப் பரிசு நாடாவை வாங்கினார். கொடுத்தவர் அப்பாவின் கையைக் குலுக்கி, அவங்க வரவில்லையா என்று கேட்டார். "வேலைக்குப் போயிருக்கா" என்றார் அப்பா. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் முகத்தில் பொய் சொல்லும் களை ஒன்றுமே இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

இலையுதிர் காலத்திலிருந்து தாள்களில் வார்த்தைகள் மாறின. முதலில் "பழைய திராட்சை மதுவின் சாயல்" என்று ஒருவர் எழுதினார். அப்பா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். சங்கத் தலைவர் லாயிடிடம் காட்டினார். லாயிட் தாளைப் பார்த்துவிட்டு, ஆமாம் எர்வ், நல்லாத்தான் எழுதியிருக்கான் என்று சொல்லி வேறு பேச்சை எடுத்துவிட்டார். பிறகு அயோவாவிலிருந்து வந்த தாளில் "நனைந்த அட்டைப் பெட்டி" என்று இருந்தது. எனக்கு அது என்னவென்று விளங்கவில்லை. காலை உணவுப் பெட்டியின் அட்டையைக் கிழித்துத் தண்ணீரில் போட்டு மூடி வைத்தேன். மறுநாள் முகர்ந்தேன், ஒரு துண்டை வாயிலும் போட்டு மென்று பார்த்தேன். பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். பாட்டிலுக்குள் காற்று புகுந்துவிட்டால் பியர் நாளாக நாளாக அப்படிப் போகுமாம். ஒரு தடவை ஆரம்பித்தால் திரும்பி வராதாம்.

அப்பாவிடம் அப்படியே சொன்னேன். "அந்த ஜட்ஜுக்கு ஜலதோஷமா இருக்கும்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று இருவருக்கும் நினைவு வந்தது. அவர் லாரியைக் கிளப்பப் போய்விட்டார்.

மதிப்பெண் குறையக் குறைய அப்பா இன்னும் வேகமாக அனுப்பினார். நல்லபடி யாராவது ஒருவர் எழுதிவிட மாட்டாரா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன். கீழே அலமாரியில் வரிசை சுருங்கிக்கொண்டே வந்தது. புது வருடம் பிறந்ததும் நான் கேட்டே விட்டேன், டோபி அண்ணாவுக்கு ஒன்றாவது வைத்திருங்கள் அப்பா என்று. அவர் என்னைப் பார்க்காமல், "அவன் கேக்கலையே" என்றார்.

வருத்தம் வரும் இடம் என்று சொன்னேனே, இதுதான் அண்ணா. நீ கேட்டிருக்கலாம். பதினான்கு மாதத்தில் ஒரு தடவை தொலைபேசியில் என்னிடம் சொல்லியாவது கேட்டிருக்கலாம்.

போன வாரம் சனிக்கிழமை நம் சங்கத்துப் போட்டி நடந்தது. வழக்கம்போல பௌலிங் கூடத்தின் பின்பக்க ஹாலில்தான். நான்கு பாட்டில் மீதி இருந்தது. அப்பா மூன்றைக் கொடுத்துவிட்டார். ஊருக்குள் எல்லாருக்கும் அம்மா இல்லையென்று தெரியும். விண்ணப்பத்தில் அவள் பெயரைப் பார்த்தும் லாயிட் ஒன்றும் கேட்காமல் எண் போட்டுக்கொண்டார். நடுவர்கள் பலர் வெளியூர், அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அப்பாவுக்கு எப்போதும்போலத் தண்ணீர்க் குடுவை நிரப்புவதும் நடுவர்கள் ருசி பார்த்துத் துப்பும் வாளியைக் காலி செய்வதும் வேலை. எனக்கு மேசைகளிலிருந்து மதிப்பெண் தாள்களை வாங்கி லாயிடின் கணினிக்குக் கொண்டுபோகும் வேலை.

கடுமையான கறுப்பு பியர்களின் மேசையில் கிரீன் பேயிலிருந்து வந்த மார்கிட் ஸ்டென்ஸ்ருட் என்ற பெண்மணி உட்கார்ந்திருந்தார். பல் மருத்துவர். குட்டையாக வெட்டிய நரைமுடி. சும்மா பாராட்டவே மாட்டார் என்று பெயர். அவர் எதிரில் ஓர் இளம் நடுவர். அம்மாவின் பாட்டில் எது என்று எனக்கு எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். அப்பாவுக்கு எண் வேண்டாம். பழைய கடையிலிருந்து அம்மா பொறுக்கி வந்த கனமான பாட்டில்கள் அவை, தோளில் வெள்ளையாகத் தேய்ந்த வளையம் இருக்கும். எத்தனை வருடம் கழுவியிருக்கிறார்.

அந்தப் பாட்டிலைத் திறந்தார்கள். முகர்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஸ்டென்ஸ்ருட் அம்மையார் கையைத் தூக்கி, அதே எண்ணில் இரண்டாவது பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார்.

ஒரு பாட்டில் கெட்டிருந்தால் அதை வைத்து முடிவு கட்டக் கூடாது, இன்னொன்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது நியாயம். அதனால் இரண்டாம் பாட்டில் வருகிறதென்றால் முதல் பாட்டில் கெட்டிருக்கிறது என்று அந்த ஹாலில் நிற்கும் எவருக்கும் தெரியும். அப்பா கையில் குடுவையோடு சுவரோரம் நின்றார். இரண்டாவதைத் திறந்தார்கள். ஸ்டென்ஸ்ருட் அம்மையார் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். நிறைய எழுதினார்.

அந்தத் தாளை நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். இருபத்து நான்கு மதிப்பெண். கடைசியில் இப்படி இருந்தது: "இங்கே மிகச் சிறந்த பியர் ஒன்று இருந்திருக்கிறது. நாங்கள் வந்து சேர்வதற்குள் அது போய்விட்டது. மீதி ஏதாவது இருந்தால் இனியும் வைத்திருக்க வேண்டாம், வேண்டியவர்களோடு குடித்துவிடுங்கள்." போகும் வழியில் ஒரு குப்பைத் தொட்டி இருந்தது. உண்மை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன், ஆகவே எழுதுகிறேன்: அதன் முன்னால் ஒரு கணம் நின்றேன். பிறகு கொண்டுபோய் லாயிடிடம் கொடுத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து நடுவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா குடுவையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டென்ஸ்ருட் அம்மையாரிடம் போனார். அப்பா தானாகப் போய் யாரிடமாவது பேசி நான் பார்த்ததில்லை. ரெண்டாவது பாட்டில் கேட்டீங்களே, அந்தக் கறுப்பு பியர், அது எங்கள் வீட்டினுடையது என்று சொன்னார். சொல்லிவிட்டு, "அடுத்த தடவ அவ என்ன மாத்தணும்?" என்று கேட்டார்.

அந்த அம்மையார் கோட்டுப் பொத்தான் போடுவதை நிறுத்திவிட்டு அக்கறையாகத்தான் பதில் சொன்னார். "காய்ச்சினதுல ஒரு குறையும் இல்ல. அத மட்டும் அவங்க மாத்தவே வேணாம். பாட்டில்ல அடைக்கும்போதுதான் காத்து கலந்திருக்கு. குழாய் பாட்டிலோட அடி வரைக்கும் போகணும். மேலேர்ந்து சளசளன்னு விட்டா அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, வருஷம் திரும்பறதுக்குள்ள இப்படி ஆயிடும்."

அப்பா கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தார். "காய்ச்சினது அவ. பாட்டில்ல ஊத்தினது நான்" என்றார்.

அந்த அம்மையார் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை, வீட்டுக்காரர்களைக் கேலி செய்யும் சிரிப்பு. "அப்ப அடுத்த தடவ அவங்களையே ஊத்தச் சொல்லுங்க. நீங்க பாட்டில் கழுவினா போதும்."

பக்கத்து மேசையில் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த லாயிட் அப்படியே நின்றுவிட்டார். அப்பா, "சரிங்க. சொல்றேன்" என்றார். தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டு வாளியைக் காலி செய்யப் போனார்.

அண்ணா, பாட்டிலில் அடைத்த அன்றைக்கு நீ வேலைக்குப் போயிருந்தாய், நான் இருந்தேன். அம்மா போவதற்கு முந்தின டிசம்பர் மாதம். அம்மாவுக்கு அன்று தலைவலி அதிகம். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டு, எர்வ், இன்னிக்கு நீ அடைச்சுடு என்றாள். அப்பா அதுவரை அதைச் செய்ததில்லை. நீளக் குழாயைத் தேடாமல் ரப்பர் குழாயின் முனையைப் பாட்டில் வாயில் வைத்துப் பியரை விட்டார். பொங்கிப் பொங்கி நுரைத்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டே, "ஊத்தாத எர்வ். உள்ள எறக்கு" என்றாள். அப்பா, சீக்கிரம் முடித்துவிட்டு உன்னைப் படுக்க வைக்கிறேன் என்றார். அம்மா இரண்டாம் தடவையும் சொன்னாள். பிறகு, "போகட்டும், விடு" என்றாள். அவளைச் சீக்கிரம் மாடிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றுதான் அப்பா அவசரப்பட்டார். இதை நான் எங்கே யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் அப்பா கேட்காதபோது நான் எப்படிப் போய்ச் சொல்வது?

புறப்படும்போது லாயிட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, திறக்காத மூன்றாவது பாட்டிலை என் கோட்டுப் பையில் வைத்தார். திருப்பித் தரும் வழக்கம் இல்லை. "ஒங்கப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத. பைல இருந்துச்சுன்னு சொல்லு" என்றார். சங்கத்தில் அம்மாவோடு பதினோரு வருடம் பியருக்காகச் சண்டை போட்டவர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தார். நான் பாட்டிலை அவர் முன்னால் வைத்தேன், லாயிட் தந்ததாகவே சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பு மை அடித்த மூடியைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு திறப்பானை எடுத்துத் திறந்து, அம்மாவின் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் குடித்தார். அவசரமில்லாமல், ரொட்டி கூட எடுத்துக்கொள்ளாமல். எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். நான் முன்பு மென்று பார்த்த அட்டைத் துண்டின் ருசி முதலில் வந்தது. அதற்குப் பின்னால், ரொம்பத் தள்ளி, பிளம் பழம் மாதிரி ஒன்று இருந்தது. இருந்ததா, நடுவர் எழுதியதைப் படித்ததால் எனக்குத் தோன்றியதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எப்படி இருக்கிறது என்று அப்பாவைக் கேட்டேன். அவர் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டே, "தெரியலம்மா. நல்லா இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாதே" என்றார். அவர் அழுவதை நான் அடக்கத்தன்று கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்த்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். நீ உண்மை கேட்டாய்.

அதற்கடுத்த நாளிலிருந்து அப்பா சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் நிலவறைக்குப் போய்விடுகிறார். அம்மா பாட்டில் அடைக்க வைத்திருந்த நீளமான விறைப்புக் குழாய் ஆணியிலேயே தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதை எடுத்து, வாளி நிறையத் தண்ணீர் பிடித்துவைத்து, காலிப் பாட்டில்களில் தண்ணீர் அடைக்கிறார். வெறும் தண்ணீர். குழாயை அடி வரைக்கும் இறக்கி, மெதுவாக விட்டு, நிறைந்ததும் மெல்ல உருவுகிறார். எல்லாப் பாட்டிலும் நிறைந்ததும் தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார். முதல் நாள் சளசளப்பு மாடிக்குக் கேட்டது. இப்போது சத்தமே கேட்பதில்லை. நான் படியில் உட்கார்ந்து பாடம் படிக்கிறேன். போகச் சொல்வதில்லை.

இன்று அப்படி உட்கார்ந்திருந்தபோது, டோபிக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அப்பா குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பாட்டில் நிறைந்ததும் குழாயை மெல்ல உருவினார். பிறகு, "அது கெட்டுப்போச்சுன்னு எழுது. ஒளிக்காத" என்றார். இன்னொரு பாட்டிலை எடுத்தார். "ஒண்ணு மீதி இருக்குன்னும் எழுது" என்றார்.

அந்த ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, வெளிச்சம் படாமல் உன் பழைய கம்பளிக் காலுறையில் நுழைத்து, குளிர்பதனப் பெட்டியின் கடைசித் தட்டில் பின்னால் வைத்திருக்கிறார். அதன் மூடியை நான் இன்னும் மை அடித்து மறைக்கவில்லை. அம்மா எழுதிய "வெ" அப்படியே இருக்கிறது. எந்தப் போட்டி அறிவிப்பு வந்தாலும் அதை அனுப்ப விடமாட்டேன்.

அது நன்றாக இருக்காது அண்ணா. வாயில் வைத்ததும் அட்டை மணக்கும். தள்ளிப்போட்டால் இன்னும் மோசமாகும். குளிர்ச்சியில் வைத்தால் கொஞ்சம் மெதுவாகக் கெடும், அவ்வளவுதான் என்று புத்தகத்தில் இருக்கிறது. நீ வருகிற அன்றைக்கு அப்பா உனக்கு ஊற்றுவார். கோப்பையைச் சாய்த்துப் பிடி, அவருக்கு அது பிடிக்கும். நல்லா இருக்கிறது என்று நீ பொய் சொல்ல வேண்டாம். நீ அம்மாவின் போர்ட்டரைப் பழைய வருடங்களில் எத்தனையோ தடவை குடித்திருக்கிறாய். நல்லா இருந்தபோது எப்படி இருந்தது என்று அவருக்குச் சொல்ல இந்த வீட்டில் உன்னை விட்டால் ஆளில்லை.

அங்கே கத்தியோடு வேலை, விரல்களைப் பார்த்துக்கொள். நனைந்த காலுறையோடு படுக்காதே. கடல் உன்னிடம் நல்லபடி நடந்துகொள்ளட்டும். மீன் பருவம் முடிந்ததும் வந்துவிடு. முடிவதற்கு முன்னால் வர முடிந்தால் அப்போதே வா.

உன் தங்கை,
அடீலா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒன்று. அப்பா படியேறி வந்து, அலாஸ்காவுக்குத் தபால்தலை எவ்வளவு ஒட்ட வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு, கடைசியாக அடைத்த தண்ணீர்ப் பாட்டிலைக் கொட்டத் திரும்பக் கீழே போனார். இப்போது நிலவறை விளக்கை அணைத்துவிட்டார்.